இருக்கையை விட்டு எழாதவர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பெரும்பாலும் நலம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

நேற்றுக் காலை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டு உடனடியாக அமலுக்கும் வந்துவிட்டது. இனி நான் இரண்டாவது காப்பி குடிப்பதில்லை. முதல் காப்பி வழக்கம்போல் தொடரும். இது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எடுக்கப்பட்ட முடிவு. எதிர்த்தரப்பு, அதாவது உன் தம்பி மனைவி, ஆட்சேபணை எதுவும் எழுப்பவில்லை. "அப்ப பால் கொஞ்சம் கம்மியா வாங்கினா போதும்" என்று மட்டும் சொன்னாள். அதையும் பள்ளி நூலகத்தில் பேசுகிற குரலில்தான் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் அவளை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசுவது குக்கர் ஒன்றுதான்.

இரண்டாவது காப்பியின் நேரத்தில் என்ன செய்வது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. இன்று காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றேன். டம்ளர் காலியாக இருந்ததை எதிர்வீட்டுப் பல் மருத்துவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீ நடுவில் தைக்கக் கொடுக்க வந்த யாரிடமோ "கை நீளம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்கிறாய். நான் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 11

கோர்ட்டார் அவர்களுக்கு அக்கா எழுதுவது.

நானும் அத்தானும் சௌக்கியம். அவருடைய முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறது.

ஒரு டம்ளர் காப்பிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரு வரி எழுதினவன் நீ. அதிலும் பாதி வரி மழையைப் பற்றி.

நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து உன் கடிதம் எல்லாம் ‘நலம்’ என்றுதான் தொடங்கும். இந்தத் தடவை ‘பெரும்பாலும் நலம்’ என்று போட்டிருக்கிறாய். பெரும்பாலும் போக மீதி எவ்வளவு, அது என்ன என்று எழுது. வக்கீலும் சாட்சியும் வாய் திறந்தால் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் பிடித்துப் போட்ட ஆள், உன் சங்கதியை மட்டும் ஏன் விழுங்குகிறாய்?

கடையில் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. பட்டன் வைக்க ஆள் இல்லை. அதற்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் பதில் போடு. நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நிலைமை கீழ்க்கண்டவாறு. உன் நலத்தையும் அத்தானின் நலத்தையும் எழுது.

நீ கேட்ட மீதி, புராஸ்டேட். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்னச் சுரப்பி. அதில் புற்றுநோய். ஆரம்ப நிலை, சுரப்பியைத் தாண்டி எங்கும் போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் ஏறியிருந்தது. ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். எனக்கு வலி எதுவும் இல்லை. காப்பி சிறுநீர்ப்பையைச் சீண்டும் என்று நர்ஸ் சொன்னதால் இரண்டாவது டம்ளர் கைவிடப்பட்டது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். காப்பியிலிருந்து தொடங்குவது எளிதாக இருந்தது.

இனி வழக்கு. போன வாரம் இரண்டு டாக்டர்களை ஒரே அறையில் என் எதிரே உட்காரவைத்தார்கள். ஒருவர் அறுவை மருத்துவர். "எடுத்துட்டா எடுத்ததுதான் சார். கொஞ்ச நாள் கசிவு இருக்கும். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடும்" என்றார். மற்றவர் கதிர்வீச்சு மருத்துவர். "அறுக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். வெளியிலேருந்து கதிரைப் பாய்ச்சுவோம். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டி வரும், அசதியா இருக்கும், வயிறு சில நாள் சொன்ன பேச்சு கேக்காது" என்றார். ஒன்றும் செய்யாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கும் மூன்றாவது வழியும் உண்டாம். என்னுடையது அதற்குக் கொஞ்சம் முரடு என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். இரண்டு சிகிச்சையிலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதிலும் ஒத்துப்போனார்கள். தாம்பத்தியம் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள். குறிப்பெடுத்துக்கொண்டேன். இங்கே எழுதவில்லை.

இரு தரப்பும் முடிந்ததும் பழக்கதோஷத்தில் நீதிபதி பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது. டாக்டர்கள் என்னையே பார்த்தார்கள். "முடிவு உங்களோடதுதான் சார்" என்றார்கள். பணிக்காலம் முழுக்கத் தீர்ப்புகளை எழுதியிருக்கிறேன் அக்கா. ஒன்றுகூடச் சொன்னதில்லை.

கவலைப்படாதே. நேரத்துக்குத் தூங்கு.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தான் உனக்குத் தனியாக விசாரிப்பு சொன்னார், இரண்டு தடவை.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. சீருடை வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. உன் கடிதம் வந்த அன்று ஒரு பையனின் கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டேன். அத்தான் வந்து கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். மறுநாள் திறந்துவிட்டோம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆரம்ப நிலை என்று எழுதியிருக்கிற இடத்தை அத்தானையும் படிக்கச் சொன்னேன். அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார்.

ஒரு கேள்வி. அந்த அறையில் டாக்டர் இரண்டு பேர், வராத நீதிபதி ஒருவர், கைகழுவும் தொட்டி ஒன்று எல்லாம் வருகிறது. உன் பெண்டாட்டி எங்கே உட்கார்ந்திருந்தாள்? அவள் என்ன சொல்கிறாள்? அதை எழுது.

எந்த வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அதற்கு நேர்மாறாகச் செய்வாய். சாப்பாட்டில் குறை வைக்காதே.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவருக்கும் என் வணக்கமும் விசாரிப்பும். இங்கே உடல்நிலையில் மாற்றம் இல்லை.

தீர்ப்பு வழங்கப்பட்டது: கதிர்வீச்சு. காரணம், நாற்காலிகள். அறுவைப் பிரிவில் நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசையே ஆடுகிறது. கதிர்வீச்சுப் பிரிவில் தனித்தனி நாற்காலி, கைப்பிடியோடு. நாற்காலி விஷயத்தில் என் கருத்துக்கு மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். மற்ற சுருக்கெழுத்தர்கள் விசாரணைக்கு நடுவில் கையைத் தூக்கி, "ஐயா, ஒரு நிமிஷம்" என்று கேட்டு வெளியே போய்வருவார்கள். நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று நீதிபதி அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். வேறு எதையும் குறிப்பிடவில்லை.

முன்னேற்பாடுகள் தொடங்கிவிட்டன. முதல் கட்டமாக மூன்று தங்க மணிகளை ஊசி வழியாகச் சுரப்பிக்குள் வைத்தார்கள். அரிசியைவிடச் சிறியவை. கதிரைக் குறி வைக்க அடையாளமாம். நம் குடும்பத்தில் யாராலும் திருட முடியாத நகை வைத்திருப்பவன் இனி நான் ஒருவன்தான். அடுத்தது ஸ்கேன். அதில் அளவெடுத்து, அந்த அளவுக்குத்தான் சிகிச்சைத் திட்டம் போடுவார்களாம்.

உன் தம்பி மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் நலம். மருத்துவமனைக்கு நான் தனியாகவே போய்வருகிறேன். ஒருவர் காத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் எதற்கு?

அத்தானை மாடிப்படி ஏறவிடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 22

கோர்ட்டாருக்கு,

சௌக்கியம். சௌக்கியமா?

நாற்காலியை வைத்து வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். நான் நம்பவில்லை. இருந்தாலும் முடிவு என்று ஒன்று வந்துவிட்டதே, அதுவே போதும். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

என் கேள்விக்கு நீ எழுதிய பதில், ‘அவள் நலம்’. இப்படி நழுவிய சாட்சிகளை நீ எத்தனை பேர் பார்த்திருப்பாய்.

அளவெடுக்கப் போகிறார்கள் என்றாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கே அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நாடாவைப் பார்த்ததும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். தைத்ததைப் போட்டுப் பார்க்கும்போது மூச்சு விட்டுவிடுவார்கள். அப்புறம் தைத்தவள் தலையில் விழும். நீ அப்படி நிற்காதே. எப்போதும் எப்படி இருப்பாயோ அப்படி இரு.

தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் கடிதம் நேற்று வந்தது. ஸ்கேனுக்கு முன்பே வந்திருக்கலாம். அதிலும் குறிப்பாக, கடைசி வரி இல்லாமல் வந்திருக்கலாம்.

ஸ்கேன் அன்று காலை வீட்டிலேயே எனிமா எடுத்துக்கொண்டேன். அதன் விவரங்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கதிருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அங்கே போனதும் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

நிறைவது நல்லதென்றால் முழுக்க நிறைவது இன்னும் நல்லது என்று எனக்குப் பட்டது. வீட்டிலேயே ஒரு பாட்டில் குடித்துவிட்டுப் போயிருந்தேன். அங்கே பாத்ரூம் போகச் சொன்னபோது கதவுவரை போய்க் கைகழுவிவிட்டு வந்தேன். பிறகு அவர்கள் கொடுத்ததையும் குடித்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண், "எப்படி இருக்கு சார்? தாங்குமா?" என்று கேட்டாள். "வசதியாக இருக்கிறது" என்றேன். கைப்பிடி நாற்காலியில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தார்கள். நான் அசையவில்லை. அவர்களில் ஒருவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

ஸ்கேன் முடிந்ததும் அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, அணைக்கட்டா?" என்றார். "இந்த அளவுக்குத் திட்டம் போட்டா, தினமும் இதே அளவு ரொப்பிட்டு வரணும். ஒரு நாள் குறைஞ்சா உள்ளே எல்லாம் இடம் மாறிடும்."

"வருவேன்" என்றேன்.

"வர முடியாது. பாதி சிகிச்சையில எரிச்சல் வரும்போது இதுல கால்வாசிகூடத் தாங்காது. இது போட்டியில்ல சார். முடியலன்னா முடியலன்னு சொல்லணும். அதுக்குத்தான் கேக்கறோம்."

ஆகவே மறுவிசாரணை. அடுத்த மாதம் தொடங்க வேண்டிய சிகிச்சை சில நாள் தள்ளிப்போகிறது. உன் தம்பி மனைவியிடம், "இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "ஓ" என்றாள். காரணத்தை நீயும் அவளிடம் சொல்ல வேண்டாம். எழாமல் உட்காரும் அந்த ஒரு விஷயத்திலாவது அவளுக்கு என்மேல் இன்னும் மதிப்பு இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம். இருவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு எழுதியதோடு சரி. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்கிறார்களாம். முதல் ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நல்ல செய்தியாக மாற்றிச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதியிருப்பார். பரவியிருக்கிறதா அண்ணி? எதுவாக இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நாற்காலிக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறார். உங்களுக்கும் அதையே எழுதியிருப்பார். அப்படி இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, எந்த வைத்தியத்தில் என்ன ஆகும் என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். கடைசியில், தலையை நிமிர்த்தாமல், "தாம்பத்திய வாழ்வில் பாதிப்பு ஏற்பட வாய்ப்புண்டு. ஒன்றில் உடனே. மற்றதில் வந்தாலும் மெதுவாக" என்று வாசித்தார். "குறட்டை குறையுமா?" என்று கேட்டேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுபற்றி மருத்துவர்கள் எதுவும் கூறவில்லை" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நான்தான், "மெதுவா வர்றதையே எடுத்துக்கலாம்" என்றேன். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்.

இதை உங்களிடம் எழுதியதற்கு மன்னியுங்கள். வேறு யாரிடம் சொல்வேன்?

கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். அவர் திரும்பி வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் விட்டுவிட்ட இரண்டாவது காப்பியை நான் குடிக்கிறேன்.

தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 10

என் கண்ணான தம்பி பெண்டாட்டிக்கு,

முதலில் இதைப் படி. பரவவில்லை. ஒரு இம்மிகூட நகரவில்லை. என்மேல் ஆணை. இரண்டாவது ஸ்கேனுக்குக் காரணம் நோய் இல்லை, உன் புருஷன். மீதியை அவன் வாயால் கேட்டுக்கொள். கேட்கும்போது சிரித்துவிடாதே. அடக்க முடியாவிட்டால் நூலகச் சிரிப்பாகச் சிரி.

நீ எழுதியதற்கு மன்னிப்பெல்லாம் எதற்கு? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

இதோடு இருக்கிற இன்னொரு காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நில். உடம்பைப் பார்த்துக்கொள். காப்பியைக் குறை.

உன் அண்ணி


அதே உறையில்

தம்பிக்கு,

சௌக்கியம் எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

உன் பெண்டாட்டி நோய் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரமாக உன் எதிரில் நடமாடிக்கொண்டிருக்கிறாள். ஒரு பாட்டில் தண்ணீரை நீ கூடுதலாகக் குடித்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டதற்கு இது பலன். உன் மதிப்பு அவளிடம் எதில் இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் எழுத மாட்டேன்.

இப்போதே சொல். உட்கார்ந்துகொண்டு சொல்லாதே. எழுந்து நின்று சொல். அடுத்த தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போ. ஒருவர் காத்திருக்கிற இடத்தில் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டாயே. வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அங்கே வந்து இருக்கட்டும்.

சீருடை வேலை முடிந்ததும் நானும் அத்தானும் வருகிறோம். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் உத்தரவு நிறைவேற்றப்பட்டது. எழுந்து நின்று சொன்னேன். டாக்டர் கேட்ட ‘அணைக்கட்டா’ வரைக்கும் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. அது நூலகச் சிரிப்பு இல்லை. எதிர்வீட்டுப் பல் மருத்துவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு, "இதுல எனக்கு மதிப்புன்னு யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டாள். என்னிடம் சாட்சி யாரும் இல்லை.

இரண்டாவது ஸ்கேனுக்குத் தண்ணீரை அவளே அளந்து கொடுத்தாள். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று காவலும் காத்தாள். இந்த முறை டாக்டர் எதையும் ஒப்பிட்டுப் பேசவில்லை. இடுப்பைச் சுற்றி மூன்று சின்னப் புள்ளிகள் பச்சை குத்தினார்கள். தினமும் அதை வைத்துத்தான் என்னை நேராகப் படுக்கவைப்பார்களாம். உன் சாக்பீஸ் குறி மாதிரிதான், ஆனால் தோய்த்தால் போகாது.

இன்று மதியம்தான் முதல் சிகிச்சை. அவளும் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். என் முறை வந்தபோது இயந்திரம் நின்றுவிட்டது. ஒரு கூட்டம் உள்ளே போய் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் வெளியே வந்து, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். ‘வசதியாக’ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. உன் தம்பி மனைவி படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

நான் கையைத் தூக்கினேன். "ஒரு நிமிஷம் போயிட்டு வரணும்மா. முடியல" என்றேன்.

"தாராளமா போயிட்டு வாங்க சார். வந்து மறுபடி தண்ணி குடிச்சுக்கலாம்" என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டு வந்தேன். உன் தம்பி மனைவி நாற்காலியை எனக்காகப் பிடித்து வைத்திருந்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

சிகிச்சை என்னவோ சில நிமிஷங்கள்தான். மேஜையில் படுத்திருந்தேன். இயந்திரம் வீடு பார்க்க வந்த வாடகைக்காரர் மாதிரி மெதுவாக என்னைச் சுற்றி வந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. வலி இல்லை. இன்னும் பத்தொன்பது முறை இருக்கிறது. நாளைக்கும் இரண்டு பேராகத்தான் போகிறோம்.

நீங்கள் வரும் தேதியை எழுது. அத்தானுக்குக் கீழறையை ஒழித்து வைக்கிறோம், படி ஏற வேண்டாம். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி

பி.கு.: அந்தத் தாமதத்தில் எங்கள் பக்கம் வரும் பஸ் போய்விட்டது. வீடுவரை நடந்து வந்தோம்.